தலைகீழாகக் காட்டிய கண்

புழுதிப் புயல் ஓய்ந்த மறுநாள் காலை அது வெள்ளரித் தோட்டத்தில் கிடந்தது. ஆள் நீளத்துக்கு இரண்டு இறக்கைகள். இறகு இல்லை. கால் இல்லை. வால் மட்டும் இருந்தது. ஒரு இறக்கை நடுவில் பிளந்திருந்தது.

இன்று நாம் பார்த்திருந்தால் ஆளில்லா உளவு விமானம் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவோம். இது நடந்தது இரண்டாயிரத்து எழுநூறு வருடங்களுக்கு முன்னால், அசீரிய நாட்டின் வடக்கு எல்லையில், டைக்ரிஸ் ஆற்றங்கரைக் கோட்டை ஊர் ஒன்றில். அந்தக் காலத்துக்குள் அது எப்படி வந்து விழுந்தது என்று கேட்காதீர்கள். அவர்களும் கேட்கவில்லை. வானத்திலிருந்து எது விழுந்தாலும் அவர்களுக்குக் கேள்வி ஒன்றுதான். இது என்ன சொல்ல வந்திருக்கிறது?

அதைச் சொல்ல வேண்டியவன் ஷுலாயா. ஊரின் ஈரல் குறிகாரன். ஆட்டை அறுத்து, ஈரலில் இருக்கிற மேடு பள்ளங்களைப் படித்து, படை கிளம்பலாமா, மதகு திறக்கலாமா என்று ஆளுநருக்குச் சொல்வது அவன் வேலை. ஆகவே இதையும் அறுத்தான்.

ஆளுநர் பேல்தூரி குனிந்து எட்டிப் பார்த்தார். கனத்த ஆள். பொறுமை கிடையாது. பச்சைப் பூண்டைக் கடித்துக்கொண்டே பேசுவார்.

"என்னய்யா, ரத்தமே வரல?"

"ரத்தம் இல்லீங்கய்யா. நரம்புதான். செவப்பு, கறுப்பு, மஞ்சள்னு விதவிதமா ஓடுது."

"ஈரல்?"

"இதோ இருக்கு. தட்டையா, வெள்ளி மாதிரி. வீங்கியிருக்கு. வலப்பக்கம் வீங்கினா நல்லது."

"பித்தப்பை?"

"இல்ல."

"பித்தப்பை இல்லாத பறவையா! கோபமே வராதே அதுக்கு."

ஷுலாயா அதைப் புரட்டினான். அடிவயிற்றில் ஓர் உருண்டை. உருண்டைக்குள் ஒரு கண். வாய் இல்லை, மூக்கு இல்லை, நகம் இல்லை. கண் மட்டும்தான்.

"ஐயா, இது கடிக்க வரல, தின்ன வரல. பாக்க வந்திருக்கு. மேல நின்னு நம்ம ஊரைப் பாத்துட்டுப் போக எவனோ அனுப்பியிருக்கான்."

பேல்தூரி பூண்டு மெல்வதை நிறுத்தினார். மலைநாட்டுக் குதிரைப்படை அந்த வருடம் எல்லையில் அலைந்துகொண்டிருந்தது.

"அப்ப நாமளும் ஒண்ணு செய்வோம். செஞ்சு மலைக்கு மேல அனுப்புவோம்."

"செய்யலாம்யா," என்றான் ஷுலாயா. வாய் முந்திக்கொண்டது.

வேலை கொல்லர்களுக்குப் போனது. நகலெடுப்பதற்கு அந்த நாட்டில் ஒரு முறை உண்டு. பழைய களிமண் ஏட்டைப் படியெடுக்கும் எழுத்தர், மூலத்தில் எழுத்து உடைந்திருந்தால் தானாக எதையும் இட்டு நிரப்ப மாட்டார். 'உடைந்திருக்கிறது' என்று அந்த இடத்தில் எழுதிவிட்டு மேலே போவார். அதுதான் நேர்மை. கொல்லர்களும் நேர்மையானவர்கள். மெழுகில் உருவெடுத்து வெண்கலத்தில் வார்த்தபோது, பிளந்த இறக்கையைப் பிளந்தபடியே வார்த்தார்கள். வயிற்றில் ஷுலாயாவின் கத்தி போட்ட கீறலையும் விடவில்லை.

பிறகு கோயிலிலிருந்து ஆட்கள் வந்து வெண்கலப் பறவைக்கு வாய் கழுவும் சடங்கு செய்தார்கள். தேனும் நெய்யும் தடவினார்கள். தலைமைக் கொல்லனின் கைகளைத் துணியால் கட்டி, மர வாளால் வெட்டுவதுபோலத் தொட்டு, "நான் இதைச் செய்யவில்லை, தெய்வம் செய்தது" என்று சத்தியம் வாங்கினார்கள். மனிதன் செய்தால் அது பொம்மை. தெய்வம் செய்தால்தான் உயிர் வரும்.

மறுநாள் அதை மதில் மேல் ஏற்றி ஊரே பார்க்கத் தள்ளினார்கள். அது நேராகப் போய் ஆளுநரின் வெங்காயப் பாத்தியில் இறங்கியது. பாதி உடல் மண்ணுக்குள்.

பேல்தூரி தலைமைக் கொல்லனைப் பார்த்தார். அவன் கைகூப்பினான்.

"என்னை ஏன்யா பாக்கறீங்க? நான் செய்யலன்னு நேத்துதானே சத்தியம் பண்ணேன்."

ஊர் சிரித்தது. ஆளுநர் சிரிக்கவில்லை. ஷுலாயாவின் பக்கம் திரும்பினார்.

"செய்யலாம்னு சொன்னது நீ."

"கண்ணு இன்னும் இருக்குங்கய்யா," என்றான் ஷுலாயா.

கண் உருண்டையை அவன் மச்சினன் கிஸிரிடம் கொண்டுபோனான். கிஸிர் முத்திரை வெட்டுகிறவன். விரல் பருமன் கல்லில் சிங்கமும் அரசனும் சண்டை போடுவதைச் செதுக்குவான். செதுக்கிவிட்டு, தன்னைப்போல ஆள் நினிவேயிலும் இல்லை என்று தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுச் சொல்வான்.

உருண்டைக்குள் ஒரு கறுப்புக் குழல். குழலுக்குள் வரிசையாகக் கண்ணாடி வில்லைகள். விழுந்த அடியில் பல நொறுங்கியிருந்தன. இரண்டு மட்டும் முழுசு. பருப்பு மாதிரி நடுவில் புடைத்தவை. கிஸிர் ஒன்றை எடுத்துத் தன் கை மேல் பிடித்தான்.

"மாமா! இங்க பாரு, என் கை ரோமம் கயிறு மாதிரி இருக்கு!"

"கத்தாதே."

"எப்படிக் கத்தாம இருக்கறது? ரெண்டையும் சேத்துப் புடி. குழல்ல இருந்த மாதிரி. முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு. அந்தப் பேரீச்ச மரத்தைப் பாரு."

ஷுலாயா பார்த்தான். ஆற்றுக்கு அப்பால் நின்ற மரம் பாய்ந்து கண்ணுக்குள் வந்தது. பழக்குலை தெரிந்தது. வேர் மேலே, தலை கீழே.

வில்லைகள் கையிலிருந்து விழுந்தன. நல்லவேளை, மடியில்தான்.

"என்ன மாமா?"

"தலைகீழா இருக்குடா."

"இருந்தா என்ன? நான் செதுக்கறதெல்லாம் எடம் வலம் மாறித்தான் செதுக்கறேன். களிமண்ணுல உருட்டினா சரியாப்போகுது."

"இது முத்திரை இல்லடா. குறி. ஊர் தலைகீழாத் தெரிஞ்சா ஊர் கவுந்துரும்னு அர்த்தம். ஆளுநர் பாத்தா உன் தலையும் என் தலையும் அப்படித்தான் தொங்கும்."

ஆனால் விட முடியவில்லை. இரண்டு பேருக்குமே முடியவில்லை. கண்ணாடி உருக்க அவர்களுக்குத் தெரியும், ஆனால் அது கலங்கலாகத்தான் வரும். கிஸிரிடம் ஸ்படிகம் இருந்தது. செம்புக் கிண்ணத்தில் கல்லையே தேய்க்கும் குருந்தத் தூளையும் எண்ணெயையும் போட்டு, கல்லை அதன் குழிவில் வைத்துச் சுழற்றினான். கிண்ணத்தின் வளைவு கல்லுக்கு வந்தது. தோலில் மெருகு போட்டான். முதலில் ஒரு குட்டிக் குழல் செய்தார்கள். இரண்டு மடங்குகூடக் காட்டவில்லை. அடுத்தது பெரிய நாணல் குழல். முன்னால் உள்ளங்கை அகல வில்லை, பின்னால் கொட்டைப் பாக்களவு வில்லை, இரண்டையும் தார் போன்ற கீல் வைத்து ஒட்டியது.

அதில் பார்த்தபோது எதிர்க்கரையில் துணி துவைக்கிறவளின் காதணி தெரிந்தது.

கிஸிர் கூத்தாடினான். ஷுலாயாவும் ஆடினான். அவனுக்கு ஆடத் தெரியாது. கிஸிரின் பட்டறைக்குள் பார்லி மதுக் குடுவையைச் சுற்றி இரண்டு பேரும் கரடி மாதிரி ஆடினார்கள். எவனோ வானத்துக்கு அனுப்பிய கண். அதை இவர்கள் கல்லில் செய்துவிட்டார்கள்.

காதணி மட்டும் மேல்நோக்கித் தொங்கியது. எவ்வளவு மெருகு போட்டாலும் நிமிரவில்லை.

"பனீத்து வரட்டும். அவகிட்ட காட்டுவோம்," என்றான் கிஸிர். "ஆளுநருக்கு அப்புறமாக் காட்டிக்கலாம்."

பனீத்து கிஸிரின் அக்கா, ஷுலாயாவின் மனைவி. கம்பளி பிடுங்கும் பருவம் என்பதால் ஊர்ப் பெண்களோடும் இடையர்களோடும் அக்கரை மேய்ச்சல் வெளிக்குப் போயிருந்தாள். சின்ன மகளையும் கூட்டிப்போயிருந்தாள். அவர்கள் திரும்பி வர ஆற்றின் மேல் ஒரே வழி, படகுப் பாலம். படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்டது.

அந்தப் பாலத்தை வெட்டப் போகிறார்கள் என்ற சேதி மறுநாள் காலை வந்தது.

மலைநாட்டுக் குதிரைகள் கணவாய் இறங்கிவிட்டன என்று ஒரு தூதன் ஓடிவந்து சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அக்கரையில் புழுதி கிளம்பியது. அடிவானத்தில் ஒரு பழுப்புப் புகை. ஷுலாயா மதில் மேல் ஓடினான். பேல்தூரி அங்கே நின்றிருந்தார். கீழே பாலத்தின் தலைப்பில் கோடரியோடு ஆட்கள்.

"ஐயா, பொறுங்க. கம்பளிக்குப் போனவங்களா இருக்கலாம். ஆட்டு மந்தையும் புழுதி கிளப்பும்."

"குதிரையும் கிளப்பும்."

"எது எதுன்னு தெரியற வரைக்கும்."

"தெரியற தூரத்துக்கு வந்தா, குதிரைன்னா பாலத்து மேலயே வந்துருவான். அக்கரையில இருக்கற கோரை மேட்டைப் புழுதி தொட்டதும் வெட்டச் சொல்லிட்டேன். உன் பொண்டாட்டி அங்க இருக்கா, தெரியும். என் கொழுந்தியாவும்தான் இருக்கா. ஊருக்குள்ள ரெண்டாயிரம் பேர் இருக்காங்க, ஷுலாயா."

அவர் சொன்னது நியாயம். அதுதான் கொடுமை.

ஷுலாயா திரும்பி, தெருவைப் பார்த்துக் கத்தினான். "கிஸிர்! குழலைக் கொண்டா!"

கிஸிர் படிகளில் மூன்று மூன்றாக ஏறி வந்தான். பெரிய குழல் தோளில். குட்டிக் குழல் இடுப்பில் செருகியிருந்தது. பெரியதை மதிலின் பல் இடுக்கில் வைத்து ஷுலாயா கண்ணைப் பொருத்தினான்.

வட்டத்துக்குள் வானம் கீழே கிடந்தது. மேலே மண். மண்ணிலிருந்து தொங்கிக்கொண்டு ஆடுகள் ஓடின. கம்பளி போன, தோல் தெரிகிற ஆடுகள். கழுதைகள். கழுதை மேல் மூட்டை. மூட்டைப் பக்கத்தில் பச்சை முக்காடு.

"நம்ம ஆளுங்கதான்! பச்சை முக்காடு! ஐயா, பனீத்து வர்றா!"

பேல்தூரி அவனைத் தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தார். அடுத்த நொடி தீ சுட்டதுபோல் பின்னால் போனார்.

"என்னய்யா இது! கால் மேல இருக்கு!"

"அது வந்து..."

"தலைகீழா நடக்கறாங்கய்யா! வானம் கீழ கிடக்கு!"

"கண்ணோட கொணம் அது. ஆளுங்க நம்ம ஆளுங்க."

பேல்தூரியின் முகம் இறுகியது. பயந்த முகம் இல்லை. கணக்குப் போட்டு முடித்த முகம்.

"நீதானே எனக்குச் சொல்லிக்குடுத்தே. கனவுல சிரிச்சா நெசத்துல அழுகை. கனவுல செத்தா ஆயுசு கெட்டி. மாத்திக் காட்டற குறியை மாத்திப் படிக்கணும்னு. தலைகீழா நம்ம ஆளுன்னா, நேரா யாரு?"

ஷுலாயா சொல்லிக்கொடுத்தது அதுதான். அவனுக்கு அவன் அப்பா சொல்லிக்கொடுத்ததும் அதுதான்.

"எதிரி," என்றார் பேல்தூரி. மதிலுக்கு வெளியே குனிந்தார். "கோடரியை எடுங்கடா!"

"ஐயா, கோரை மேடு வரைக்கும்னு சொன்னீங்க!"

"குறி பாக்கறதுக்கு முன்ன சொன்னேன்."

கிஸிர் குறுக்கே விழுந்தான். "ஐயா, என் அக்கா மூக்கு எனக்குத் தெரியாதா? தலைகீழா வச்சாலும் அது என் அக்கா மூக்குதான்!"

"நகரு."

"நான் செஞ்ச கண்ணு பொய் சொல்லாது!"

"நீ செஞ்சியா? அப்ப அது பொம்மை."

புழுதி நகர்ந்தது. ஷுலாயாவின் மகளுக்கு நான்கு வயது. கழுதை மேல் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்றுகூடப் பார்க்கவில்லையே என்று நினைத்தான். பக்கம். எந்தப் பக்கம். ஈரலுக்கு இரண்டு பக்கம். வலது நமக்கு, இடது எதிரிக்கு. கெட்ட குறி வலதில் இருந்தால் கெடுதல். அதே கெட்ட குறி இடதில் இருந்தால்?

நல்லது. கெட்டதின் மேல் கெட்டது நல்லது. தொழிலின் முதல் பாடம்.

மாற்றியதை இன்னொரு முறை மாற்று.

"கிஸிர், அந்தக் குட்டியைக் குடு!"

"இதுவா? இதுல ஒண்ணும் தெரியாது மாமா. இதுவும் தலைகீழாத்தான்..."

"அதனாலதான்டா வேணும்! அதைப் பெரிசு பின்னாடி வை. பெரிசு கவுத்ததை இது கவுக்கட்டும்!"

கிஸிர் ஒரு நொடி மலைத்து நின்றான். பிறகு அவன் முகம் விளக்கேற்றியதுபோல் ஆனது. இடுப்புத் துணியைக் கிழித்து, குட்டிக் குழலைப் பெரிய குழலின் வாலில் வைத்துச் சுற்றினான். கோணல். அவிழ்த்து மறுபடி சுற்றினான்.

"சீக்கிரம்!"

"முதுகுல குத்தாதே, கை ஆடுது!"

கீழே முதல் கோடரி வடத்தில் விழுந்த சத்தம் கேட்டது.

ஷுலாயா கண்ணை வைத்தான். இருட்டு. மங்கல். ஒரு காசு அளவுக்கு வெளிச்சம். அந்தக் காசுக்குள் எதுவோ அசைந்தது. குழலை நெல் முனை அளவு நகர்த்தினான்.

ஆடுகள் மண்ணில் ஓடின. வானம் வானத்தில் இருந்தது.

ஷுலாயா பேல்தூரியின் கழுத்தைப் பிடித்துக் குழலுக்கு இழுத்தான். ஆளுநரின் கழுத்தை. ஊரில் வேறு எவனும் செய்திருந்தால் அன்றே கழுமரம்.

பேல்தூரி பார்த்தார்.

"நிமிந்துட்டாங்க," என்றார்.

"ரெண்டு தடவை மாத்தின குறி, ஐயா. எப்படிப் படிக்கணும்?"

"நேரா. நேராப் படிக்கணும். நிறுத்துங்கடா! கோடரியைக் கீழ போடு! நம்ம ஜனங்க வர்றாங்க!"

ஆனால் கண்ணை எடுக்கவில்லை. "ஷுலாயா. ஏன் ஓடறாங்க? ஆட்டை ஓட்டிட்டு வர்றவங்க ஏன் இப்படி ஓடணும்?"

ஷுலாயா குழலை வாங்கினான். மந்தையைத் தாண்டி, புழுதியின் பின்னால் தேடினான். அங்கே இன்னொரு புழுதி. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. குழலில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் வெட்டவெளி இருந்தது. வெளிக்கு அப்பால் ஈட்டி முனைகள் மின்னின.

"குதிரை! பின்னால குதிரை வருது!"

"எவ்வளவு பின்னால?"

"நாலு அம்பு வீச்சு இருக்கும். ஆட்டை விட்டுட்டு ஓடினா ஜனங்க தப்பிச்சுரலாம்."

பேல்தூரி விழித்துக்கொண்ட யானை மாதிரி ஆனார். "வில்லாளிங்க அக்கரைக்குப் போங்க! பாலத்து முகப்புல நில்லுங்க! ஜனங்க தாண்டினதும் நீங்க தாண்டுங்க, அப்புறம் வெட்டு! கொம்பு ஊது! ஆட்டை விடச் சொல்லி ஊது!"

கொம்பு முழங்கியது. ஷுலாயா குழலிலிருந்து அசையவில்லை. சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சொல்ல, கிஸிர் கத்த, கீழே படைத்தலைவன் கேட்டான். ஆட்டை விட்டுட்டாங்க. கோரை மேட்டுல ஏர்றாங்க. ஒரு கழுதை விழுந்துருச்சு. எந்திரிச்சுருச்சு. குதிரை மூணு அம்பு வீச்சு. கிழவன் ஒருத்தன் பின்தங்கறான், ரெண்டு பேர் தூக்கறாங்க.

பச்சை முக்காடு காற்றில் போயிற்று. பனீத்துவின் முகம் காசுக்குள் முழுசாக வந்தது. வாய் திறந்திருந்தது. மகள் அவள் முதுகில் கட்டப்பட்டிருந்தாள். தொட்டுவிடும் தூரம்.

"பனீத்து! எடப்பக்கம் பள்ளம்! எடப்பக்கம் போகாதே!"

"மாமா, அவ மூணு அம்பு வீச்சுக்கு அப்பால இருக்கா."

"எடப்பக்கம் போகாதடி!"

அவள் போகவில்லை. அவளுக்கு அந்தப் பள்ளத்தைப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

ஜனங்கள் பாலத்தில் விழுந்தடித்து ஏறினார்கள். பலகைகள் குதித்தன. வில்லாளிகள் ஒரு வீச்சு எய்தார்கள், இன்னொரு வீச்சு, பிறகு பின்னால் நடந்தபடியே எய்தார்கள். கடைசி ஆள் நடுவாற்றைத் தாண்டும்போது முதல் குதிரை அக்கரைப் பலகையில் குளம்பை வைத்தது. கோடரிகள் விழுந்தன. வடம் அறுந்து, படகு வரிசை கதவு திறப்பதுபோல் ஆற்றோடு மெல்லத் திரும்பியது. குதிரை பின்னங்காலில் எழும்பிக் கரைக்குத் தாவியது.

மதில் முழுக்கக் கூச்சல். பேல்தூரி பூண்டை எடுத்து, கடிக்க மறந்து, கையிலேயே வைத்திருந்தார்.

"கோயில்ல வச்சு வாய் கழுவணும்யா இதுக்கு," என்றார்.

"கழுவலாம்," என்றான் கிஸிர். "ஆனா நான் செய்யலன்னு சொல்ல மாட்டேன். கையை நெசமாவே வெட்டினாலும் சொல்ல மாட்டேன்."

"சொல்லாட்டி உயிர் வராதே."

"வந்தாச்சேங்கய்யா. பாத்தீங்களே."

பேல்தூரி குழலைப் பார்த்தார், கிஸிரைப் பார்த்தார். முதல் முறையாக அந்த ஊரில் ஒரு பொருள், செய்தவன் பெயரோடு உயிர் பெற்றிருந்தது.

பனீத்து மதில் படி ஏறி வந்தாள். தலை முழுக்கப் புழுதி. மகளை ஷுலாயாவின் கையில் போட்டாள்.

"வாசல்ல சொன்னாங்க. கோரை மேட்டுக்கு அந்தாண்ட வரும்போதே என்னைப் பாத்தியாமே."

"பாத்தேன்."

"பாத்துட்டு இங்கயே நின்னே? ஓடி வர வேணாமா? ஊர்ல பாதிப் பேர் அவனவன் பொண்டாட்டியைப் பாலத்துல வந்து கூட்டிட்டுப் போனான்."

"எறங்கினா நீ தெரிய மாட்டே," என்றான் ஷுலாயா.

அவள் அவன் வலது கண்ணைச் சுற்றிக் கீல் கறுப்பாக வட்டம் போட்டிருந்ததைக் கட்டைவிரலால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள்.

"நகருங்க, நகருங்க!" கிஸிர் குழலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினான். "எதிரித் தலைவன் அக்கரையில குதிரையை விட்டு எறங்கறான்! நம்மள முறைச்சுப் பாக்கறான்! ஐயா, வாங்க, அவன் மூக்கு ஒழுகறது தெரியுது!"

பேல்தூரி குழலைப் பார்த்து ஓடினார்.